கழற்றாத ரப்பர் பேண்ட்

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் அடித்தளத்தில் மூன்று அச்சு இயந்திரங்களும் அலற ஆரம்பித்துவிடும். மெயின்ஃபிரேம் கணினி அனுப்பும் அறிக்கைகள் பச்சைப் பட்டை போட்ட தாளில் மடிப்பு மடிப்பாக வந்து விழும். மார்லிஸ் நகல்களைப் பிரிப்பாள், நடுவிலிருக்கும் கார்பனை உருவுவாள், ஓரத்துத் துளைப்பட்டையைக் கிழிப்பாள், ரப்பர் பேண்ட் போட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றுவாள். ஏழரைக்குள் ஆறு மாடிக்கும் போய்ச் சேர வேண்டும். பத்தொன்பது வருஷச் சத்தத்தில் அவளுடைய இடது காது போய்விட்டது. அமெரிக்காவின் டி மாய்ன் நகரத்தில் ஜனவரிச் சூரியன் அவள் வண்டி தள்ளி முடித்த பிறகுதான் எட்டிப் பார்க்கும்.

நான் நாலாவது மாடியில் புரோகிராம் எழுதுகிறவன். தொண்ணூற்றாறில் அந்த அறிக்கைகளை மின்கோப்பாக்கித் திரையில் காட்டும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எது தேவை, எது வீண் என்று மேலாளர்களைக் கேட்டால் எல்லாமே உயிர்நாடி என்றார்கள். இரண்டு காபியோடு கீழே இறங்கினேன்.

"யாருமே படிக்காதது எதெல்லாம், மார்லிஸ்?"

"நீ எழுதுன புரோகிராம்ல இருந்து வர்றதெல்லாம்," என்று சிரித்தாள். "பழசெல்லாம் கிழிச்சுப் போட எங்கிட்டதான திரும்பி வருது, கோரி? நான் போட்ட ரப்பர் பேண்ட் போட்ட மாதிரியே இருந்தா எவனும் தொடலேன்னு அர்த்தம். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். நூற்று நாற்பத்து மூன்று.

நடுவில் ஒரு தடவை கேட்டாள். "இதனால எங்க வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"உங்களுக்குப் புது வேலை கத்துக் குடுப்பாங்க," என்றேன்.

அப்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அவள் கணவன் ஹார்லனுக்கு இரத்தப் புற்று. அவனுடைய சிகிச்சைக்கான காப்பீடு அவள் வேலையோடு ஒட்டியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில், துறைத் தலைவர் ஹாஸ்கெல் ஒரு பெட்டி டோனட்டோடு அடித்தளத்துக்கு வந்தார். என்னையும் கூட்டி வந்தார். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். அச்சுப் பிரிவின் ஒன்பது பேரும் அந்த நிசப்தத்தில் தடுமாறி நின்றார்கள்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்," என்று ஆரம்பித்தார். "இந்த மாசக் கடைசியோட இந்தப் பிரிவை மூடுறோம்."

"குடும்பத்துல ஆளை வெளிய தள்ளும்போது டோனட் குடுப்பாங்களா?" என்றான் பெட்டி தூக்கும் லவெர்ன்.

"இது என் முடிவு மட்டும் இல்ல. உங்க மார்லிஸே குடுத்த பட்டியல். பாதிக்கு மேல யாரும் படிக்கறதே இல்லையாம்."

அவர் உயர்த்திப் பிடித்தது என் தாள். 'தகவல் தந்தவர்: மார்லிஸ், அச்சுப் பிரிவு' என்று தலைப்பிலேயே எழுதியிருந்தேன். அவளுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைப்பு எனக்கு. எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கூனிக் குறுகிப் போனேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். உண்மையத்தான் சொன்னேன்," என்றாள். "ரப்பர் பேண்டையே கழட்டாதவன் திரையில மட்டும் தெறந்து பாப்பானா? சரி, திரை வரட்டும், வேண்டாங்கல. எந்த அறிக்கை யாருக்குப் போகணும், எதுல தப்பு வரும்னு எங்களுக்குத் தெரியும். அந்த வேலைய எங்களுக்குக் கத்துக் குடுங்க."

"அதுக்கு வெளியிலேர்ந்து ஆள் எடுத்தாச்சு, மார்லிஸ்."

"எங்களக் கேட்டு எழுதுன பட்டியல வச்சுக்கிட்டா?"

ஹாஸ்கெல் டோனட் பெட்டியை மேசைமேல் வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருவராக அவர் அறைக்கு வந்து விலகல் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். டோனட்டை யாரும் தொடவில்லை.

"புது வேலைன்னு எங்கிட்ட யாரும் சொல்லல," என்றேன். "நானா சொன்னது. மன்னிச்சிடுங்க."

"உன் மன்னிப்ப வச்சு ஹார்லனுக்கு மருந்து வாங்க முடியுமா?"

"மாடிக்காரனோட என்ன பேச்சு? மேல அனுப்பு," என்றான் லவெர்ன்.

அவள் தன் அலமாரியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்தாள். தொழிற்சங்கத்தில் சேரக் கையெழுத்துப் போடும் உறுப்பினர் அட்டைகள். டயர் ஆலையில் வேலை செய்யும் லவெர்னின் மச்சான் இரண்டு வருஷத்துக்கு முன்பு கொடுத்துவிட்டுப் போனவை. போட்ட ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தது.

"நாமளும் கழட்டலயே, லவெர்ன்," என்றாள். காய்ந்து போயிருந்த ரப்பர் பேண்ட் அவள் விரல் பட்டதும் அறுந்து விழுந்தது. "வெள்ளிக்கிழமை எவரும் தனியா மேல போகப்போறதில்ல. போனா ஒன்பது பேரும் சேர்ந்துதான்."

கார்பன் கறுப்பேறிய விரல்களோடு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் கை நீட்டினேன்.

"உன் வேலைக்குத்தான் ஆபத்தில்லையே?" என்றான் லவெர்ன்.

"அடுத்த பட்டியல்ல என் வேலை இருக்கும். அதுக்கு என் பக்கத்துல இருக்கறவனக் கேப்பாங்க," என்றேன். அவன் முறைத்தான், ஆனால் பேனாவைக் கொடுத்தான்.

மீதி அட்டைகளை அடுக்கி, புது ரப்பர் பேண்ட் ஒன்றைப் போட்டு, மார்லிஸ் என் கையில் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"நாலாவது மாடிக்கு. கழட்டாம திரும்பி வந்தா எனக்குத் தெரிஞ்சுடும்."

லிஃப்டில் ஏறினேன். நாலாவது மாடி வருவதற்குள் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன்.