நாலு அப்பீலும் ஒரே கட்டும்

“தண்ணி எதுவரைக்கும் ஏறும், பாப்பா?”

செட்டில்மெண்டு ஆபீசர் கேட்ட அந்தக் கேள்வியை உமையாள் மறந்தே போயிருந்தாள். ஜமீன் ஒழிந்து, நிலத்துக்கெல்லாம் புதிதாகப் பட்டா கொடுக்க ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு வந்த காலம். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயின் ஓரத்தில் குடையோடு நின்ற ஆபீசர் உண்மையில் கேட்டது அவள் ஆத்தா வெள்ளையம்மாளை. வெளி ஆம்பிளைகளோடு பேசிப் பழகாத வெள்ளையம்மாள் மகளை முன்னே தள்ளிவிட்டாள். உமையாள் கையை நீட்டிக் காட்டினாள்.

“அந்த ஒத்தப்பனை வரைக்கும் ஏறுமுங்க. எங்க புஞ்சைக்கு வராது.”

ஆபீசர் எழுதிக்கொண்டார். வெள்ளையம்மாள் பெருவிரலை உருட்டினாள். மகள் சொன்னது ஆத்தா சொன்னதாகவே காகிதத்தில் ஏறியது.

அப்படிச் சொல்லியும் பட்டா வரவில்லை. அந்த வரிசையில் நாலு பேருடைய நிலமும் கண்மாயின் உள்வாய்தான், தண்ணீர் ஏறி நிற்கிற இடம், அரசாங்கத்துக்குத்தான் சேரும் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டார்கள். நாலு பேரும் ராமநாதபுரத்தில் அப்பீல் போட்டார்கள்.

வக்கீல் பிடித்தது நாலு பேரில் ஒருவரான உக்கிரபாண்டி. உமையாளின் அய்யா போன பிறகு அவர்கள் புஞ்சையையும் தன் ஏரிலேயே உழுது கொடுத்தவர். உமையாளுக்குச் சித்தப்பா முறை. “தனித்தனியா வக்கீல் வச்சா வெள்ளையம்மா மதினி எங்கன போவாக? நாலையும் ஒண்ணாச் சேர்த்து விசாரிக்கச் சொல்லுவோம். ஒரே வக்கீல், ஒரே வாய்தா. செலவு என் பாடு” என்று சொல்லிவிட்டார். அன்று வெள்ளையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இப்போது மூன்று வருஷம் கழித்து, கோர்ட்டு வராந்தாவில் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். ஆண்கள் முன்கூட்டியே உள்ளே போய் இடம் பிடித்துவிட்டார்கள். வெள்ளையம்மாள் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். வக்கீல் ராமசுப்பிரமணியனின் குமாஸ்தா பாக்கர், தரையில் உட்கார்ந்து நாலு கட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சிவப்பு நாடாவால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் உமையாள். ஆனாலும் எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க அவளால் ஆகாது. மேலே கிடந்த காகிதத்தில் கண் ஓடியது. *ஒற்றைப் பனை வரையில் தண்ணீர் ஏறும்.* அவள் வார்த்தை. கீழே ஆத்தாவின் ரேகை.

“அண்ணே, இதை எதுக்கு இதோட கட்டுறிய?”

“சேர்த்து விசாரிக்கப் போறாகல்ல, தங்கச்சி. அப்ப ஒரு கட்டுல இருக்கிற சாட்சியம் நாலுக்கும் சாட்சியம். எங்க திருப்பாலைக்குடிக் கடல்ல நாலு வள்ளத்தை ஒரே கயித்துல கட்டி இழுத்துட்டு வருவாக, பார்த்திருப்பியே, அந்த மாதிரி.”

“நான் சொன்னது சித்தப்பா நிலத்துக்குமா சேரும்?”

பாக்கரின் கை நின்றது. காகிதத்தை உருவி வாசித்தார். ஒத்தப்பனைக்கு மேலே இருந்தது வெள்ளையம்மாளின் புஞ்சை மட்டும். மற்ற மூன்றும் கீழே. அந்த மூன்று அப்பீலிலும் தண்ணீர் அங்கே ஏறுவதே இல்லை என்று எழுதியிருந்தது. கண்மாய் நிறைகிற வருஷம் அங்கே சில வாரம் தண்ணீர் நிற்கும், வடிந்ததும் உக்கிரபாண்டி விதைப்பார். ஊருக்கே தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியாது.

“யா அல்லா! வக்கீலய்யா மூணு கட்டைப் பார்த்தாரு. நாலாவதும் இதே கதைதானேன்னு விட்டுட்டாரு.” குரலைத் தாழ்த்தினார். “இன்னும் ஆர்டர் ஆகலை. சேர்க்கச் சம்மதமான்னு கேப்பாக. ஒருத்தர் மாட்டேன்னாக்கூடப் பிரிச்சிருவாக. ஆனா ஏன்னு மட்டும் வாயைத் திறந்துராதே. உன் கட்டை கவர்மெண்டு வக்கீல் இன்னும் பிரிக்கலை. தீர்ப்பு வாற வரைக்கும் மூச்சு விடக் கூடாது.”

“நீங்களே வக்கீலய்யாகிட்டச் சொல்லிருங்கண்ணே.”

பாக்கர் எழுந்திருப்பதற்குள் டவாலி கத்திவிட்டான். “வெள்ளையம்மாள்! உக்கிரபாண்டி! கூத்தையா!” நாலாவது பேர் அவள் காதில் ஏறவில்லை.

உள்ளே வக்கீல் எழுந்து நின்றிருந்தார். ஒரே ஊர், ஒரே கண்மாய், ஒரே உத்தரவு, ஆகவே ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டார். கவர்மெண்டு வக்கீலும் ஆட்சேபணை இல்லை என்று தலையாட்டினார். பாக்கர் பின்னால் நின்று சைகை காட்டியது வக்கீல் கண்ணில் படவில்லை.

“எல்லாருக்கும் சம்மதந்தானே?” என்றார் ஜட்ஜ். பேனா மூடி திறந்திருந்தது.

“மாட்டேன்னு சொல்லுத்தா” என்று உமையாள் கிசுகிசுத்தாள்.

“என்னடி உளர்ற?”

பேனா காகிதத்தைத் தொடப் போனது.

“எங்களுக்குச் சம்மதமில்லைங்க.” யாருடைய குரலோ போல இருந்தது. “எங்கது தனியா இருக்கட்டும்.”

“நீ யாரம்மா?”

“மகள்ங்க.”

“காரணம்?”

உக்கிரபாண்டி திரும்பிப் பார்த்தார். கவர்மெண்டு வக்கீலும் பார்த்தார்.

“காரணம் ஒண்ணுமில்லைங்க.”

ஜட்ஜ் வெள்ளையம்மாளைக் கேட்டார். அவள் உக்கிரபாண்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “எம் மக சொன்னாச் சரிதான் சாமி” என்றாள். கண்மாய்க் கரையில் பெருவிரலை உருட்டிய அதே முகம்.

மூன்று அப்பீலை மட்டும் சேர்த்து அன்றைக்கே கேட்டார்கள். தீர்ப்பு பிறகு. வெள்ளையம்மாளுக்குத் தனி வாய்தா, வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லி.

வராந்தாவுக்கு வந்ததும் கூத்தையா பிடித்துக்கொண்டார். “ஏலே உக்கிரம், பாத்தியா? நம்ம காசுல பஸ்ஸு ஏறி வந்து, நம்ம கயித்தையே அறுத்துட்டா! மேட்டு நிலம்னு திமிரு. தனியாப் போயி பட்டா வாங்கிக்கிருவாளாம்.”

“எவன் வக்கீலு வைப்பான் நமக்கு?” என்று வெள்ளையம்மாள் மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “உழுது போட்ட மனுசன் மூஞ்சியில கரியைப் பூசிட்டியேடி!”

உமையாள் உக்கிரபாண்டியின் எதிரே போய் நின்றாள். “சித்தப்பா” என்றாள். அடுத்த தூணருகே கவர்மெண்டு வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பாக்கர் தூரத்திலிருந்து கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

உக்கிரபாண்டி அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். கவர்மெண்டு வக்கீல் நகர்வதாக இல்லை.

உக்கிரபாண்டி குனிந்து, எல்லாருக்குமாக வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்தார். இரண்டு பொட்டலத்தை எடுத்து வெள்ளையம்மாளின் பக்கத்தில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.