கழுவாத நைட்டி

டொக்டரின் அறைக்கு வெளியே கிடந்த கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. அனுஷியா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் தோளில் பதினொரு மாத அம்றா தூங்கிக்கொண்டிருந்தது. காலை மாற்றி வைத்தாலே பிள்ளை சிணுங்கியது. வலது கால் மரத்துப்போயும் அவள் அசையவில்லை.

"ஒங்க பிள்ளையா?" என்று கதிரையில் இருந்த கர்ப்பிணி கேட்டாள்.

"இல்லக்கா. மிஸ்ஸோட பிள்ள. நான் பாத்துக்கிறேன்."

"பாத்தா தாயும் பிள்ளையும் மாதிரித்தான் இருக்கு."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த ஜஸ்லாவின் காதில் அது விழுந்தது. ஏழு மாத வயிற்றுக்கு மேல் கைப்பையைத் தள்ளிவிட்டு, "தாங்க இங்க" என்று பிள்ளையை வாங்கினாள். அம்றா கண் விழித்துத் தாயின் முகத்தைப் பார்த்தது. உடம்பை வில்லாக வளைத்து வீரிட்டது. ஜஸ்லா தட்டிக்கொடுத்தாள், போனைக் காட்டினாள். பிள்ளையின் இரண்டு கைகளும் அனுஷியாவை நோக்கியே நீண்டிருந்தன. அனுஷியா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தாதி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பிள்ளையை அம்மாவிடம் கொடுக்கும்படி சிங்களத்தில் ஜஸ்லாவை அதட்டி, அனுஷியாவைக் கையால் காட்டினாள். ஜஸ்லா யாரையும் பார்க்காமல் பிள்ளையை நீட்டினாள். அழுகை உடனே நின்றது.

ஆட்டோவில் ஜஸ்லா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"டொக்டர் லெட்டர் தந்திட்டார். மாசம் முடியமுந்தி ஏறச் சென்னார். பொறகு வயித்தோட ப்ளேன்ல ஏத்த மாட்டாங்களாம்."

"என்னோட விசா, மிஸ்?"

"றிகாஸ் பாக்கிறார்" என்றாள் ஜஸ்லா, தெருவைப் பார்த்தபடி.

அவளுடைய கணவன் றிகாஸ் டோஹாவில் ஒரு கம்பெனியில் கணக்காளர். மாத்தளையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த ஜஸ்லா வேலையை விட்டுவிட்டாள். அடுத்த பிரசவம் அங்கேதான். அம்றாவையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள அனுஷியாவும் கூடப் போவதாகப் பேச்சு. அதற்காக அவள் பாஸ்போர்ட் எடுத்து ஜஸ்லாவிடம் கொடுத்திருந்தாள். வெளிநாடு போக அனுமதி கேட்டுப் போன பிரதேச செயலகத்தில், அவளுடைய மகனைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டபோது, புருஷனின் தங்கை கமலாட்சி வந்து கையொப்பம் வைத்தாள். மகன் துஷாந்துக்கு இரண்டரை வயது. தாய் இல்லாமல் இருந்து பழகட்டும் என்று, அன்றிலிருந்து அனுஷியா கிழமை முழுவதும் ஜஸ்லா வீட்டிலேயே தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரத்தோட்டை பஸ்ஸில் ஏறித் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்த வீட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிறு அவள் லயத்து வாசலுக்குப் போனபோது, கமலாட்சியின் மடியில் உட்கார்ந்து துஷாந்த் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கமலாட்சி உடுத்தியிருந்தது அனுஷியாவின் கபில நிற நைட்டி. மகன் தாயைப் பார்த்துச் சிரித்தான். எழுந்து வந்து பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பவும் அந்த மடிக்கே ஓடினான். சாப்பிட்டபின் தூக்கம் வந்ததும் நைட்டியின் தோளில் மூக்கைத் தேய்த்தான்.

"துஷா, அம்மாகிட்ட வாடா."

"வேணாம்."

"கமலா, அவன எங்கிட்ட தா."

"தூக்கம் வர்றப்ப எடுத்தா கத்துவான் அண்ணி. பிள்ளைய பழக்கச் சொன்னது நீங்கதான? பழகிட்டான்னு இப்ப மொறைக்கிறீங்க."

"யாரு மொறைச்சா. நைட்டி அழுக்கா கெடக்கு. கழட்டு, கழுவித் தாறேன்."

"கழுவினா ஒங்க வாசம் போயிரும். அப்பறம் கத்துறப்ப டோஹாவுல இருந்து வந்து தூக்குவீங்களா?"

அனுஷியா எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவினாள்.

மறுநாள் பால் போத்தல்களைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தவளிடம், "உங்கட மகன் இப்ப அழுறல்லையா?" என்று ஜஸ்லா கேட்டாள்.

"மொதல்ல வாந்தி எடுக்கிற வரைக்கும் அழுதான் மிஸ். பொறகு நான் அஞ்சாறு நாள் போட்ட நைட்டிய கழுவாம நாத்தனார்கிட்ட குடுத்தேன். அத உடுத்திக்கிட்டுத்தான் தூக்கினா. இப்ப என்னைய விட அவளத்தான் தேடுறான். பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு."

ஜஸ்லா போத்தல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு நைட்டியால அப்பிடி ஆகுமா?"

"பிள்ளைக்கு மொகத்த விட வாசந்தான் மிஸ் பெருசு" என்றாள் அனுஷியா, கொஞ்சம் பெருமையாக.

அன்று மாலை ஜஸ்லா சமையலறைக்கு வந்தாள். "உங்கட நைட்டி ஒன்டு தாங்க, கழுவாம. ப்ளேன்ல இவள் என்கிட்ட ஈக்கோணுமே."

"நான் பக்கத்துல இருப்பேன்தான மிஸ்?"

"சீட் தள்ளித் தந்தா?"

அது சரியாகத்தான் பட்டது. அனுஷியா தான் உடுத்தியிருந்த நீலக் கட்டம் போட்டதையே மாற்றிக் கொடுத்தாள். தேங்காயெண்ணெயும் பால்மாவும் அடுப்புப் புகையும் ஊறிய துணி. ஜஸ்லாவின் வயிற்றில் அது இறுக்கமாக இருந்தது. அவள் மூக்கைச் சுளித்ததை அனுஷியா பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல் இருந்தாள்.

முதல் இரண்டு நாள் அம்றா குழம்பியது. நைட்டியில் முகத்தைப் புதைக்கும். நிமிர்ந்து பார்த்துவிட்டு அழும். திரும்பவும் புதைக்கும். வியாழக்கிழமை அனுஷியா போத்தலோடு அறைக்குப் போனபோது பிள்ளை ஜஸ்லாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போகும்படி ஜஸ்லா கையால் காட்டினாள். பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். அனுஷியா சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். கறிக்குப் போதும் என்ற பிறகும் துருவிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஜஸ்லா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"அங்க பகல்ல மட்டும் வந்து போற பொம்பள ஒருத்தியப் பேசீக்குது. வீட்டோட ஆள் தேவல்ல என்டு றிகாஸ் செல்றார்."

"அப்ப நான் வரல்லையா, மிஸ்?"

ஜஸ்லா பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நான் ஏதும் பிழ விட்டேனா?"

"சே, உங்கள்ள என்ன பிழ. மகன் பாவமே. தாய் ஈக்கக்குள்ள இன்னொரு ஆள்ட கையில வளரப்படாது. வயித்தெரிச்சல் என்டு நீங்கதானே சென்னீங்க."

அறைக்குள் அம்றா சிணுங்கியது. பழக்கத்தில் அனுஷியா பாதி எழுந்துவிட்டாள்.

"நீங்க இரிங்க" என்றாள் ஜஸ்லா. "நான் பாக்கிறன்."

போகிற நாள் காலை வாசலில் வேன் வந்து நின்றது. இரண்டு பெரிய சூட்கேஸ்களையும் அனுஷியாதான் இழுத்து வந்து ஏற்றினாள். போத்தல் பையை எடுத்துக்கொடுத்து, எந்தப் போத்தலில் சுடுதண்ணீர், எதில் ஆறிய தண்ணீர் என்று சொன்னாள். ஜஸ்லா தலையாட்டினாள். கறுப்பு அபாயாவுக்கு மேல் அவள் தோளில் அம்றா சாய்ந்திருந்தது.

"அம்றாக் குட்டி" என்று அனுஷியா மெதுவாகக் கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. கையை நீட்டவில்லை. பிள்ளை ஒரு தரம் அழுதால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பிள்ளை பாதி திரும்பி, தெருவில் போகிறவரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தது. திரும்பவும் தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

"போய்ட்டு வாறன் அனுஷியா. துஆ செய்ங்க" என்று சொல்லி ஜஸ்லா ஏறி உட்கார்ந்தாள். உட்காரும்போது அபாயாவின் கழுத்து விலகியது. உள்ளே நீலக் கட்டம் தெரிந்தது. நீல நூல் இல்லாமல் அனுஷியா சிவப்பு நூலால் தைத்த பொத்தானைப் பிள்ளையின் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன.

சாரதி கதவை இழுத்துச் சாத்தினான்.