பட்டையா காயிலா என்று என்னைக் கேட்காதீர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் இடுப்பு வலியில் பிறந்தது. போன டிசம்பரில் கிளியூருக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜீப்பின் பின்பக்கம், சரியாகப் பின்சக்கரத்துக்கு மேலே இடம் கிடைத்தது. ஒவ்வொரு கல்லிலும் கூரையில் ஒரு தரம், பலகையில் ஒரு தரம் இடித்துக்கொண்டேன். நாக்கையும் கடித்துக்கொண்டேன். திரும்பி வந்து ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டிருக்கையில், பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் ஒரு பெண் போட்ட சத்தம் காதில் விழுந்தது.

"வாங்கப் போறது நானுங்க. உங்க யோசனையெல்லாம் உங்க வண்டிக்கு வெச்சுக்கங்க!"

அவ்வளவுதான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் போய்விட்டாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் நான் கட்டியது. பொய் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"சேர்வராயன் மலைமேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது" — வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவன் எல்லாம் பனியை இறக்கித்தான் ஆரம்பிக்கிறான்.

"சுதாராணிக்கு இரும்பின் மொழி தெரியும். அவள் வண்டிக்கு அடியில்" — சே! இரும்புக்கு ஏது மொழி?

"சுதாராணி இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்." இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அந்த இரண்டு ஜீப்புகளும் குப்பனூர் அடிவாரத்தில், பழைய வண்டி விற்கும் ஓர் இடத்தில், புளியமரத்தடியில் நின்றன. விலை ஏறக்குறைய ஒன்றுதான். சாம்பல் நிற வண்டிக்குப் பின்னால் பட்டை. நீளமான இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கிக் கட்டியிருக்குமே, லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்கள். சிவப்பு வண்டிக்குப் பின்னால் காயில். பேனாவுக்குள் இருக்கும் அதே சுருள் ஸ்பிரிங், தொடை மொத்தத்துக்கு. பட்டை எத்தனை மூட்டையையும் தாங்கும், ஆனால் வெறும் வண்டியாகப் போனால் உதைக்கும். காயில் மெத்தென்று போகும், பாரம் ஏற்றினால் பொத்தென்று உட்கார்ந்துவிடும்.*

(* இதைப் படிக்கும் மெக்கானிக்குகள் உடனே கடிதம் எழுதக் கிளம்ப வேண்டாம். கனமான காயிலும் உண்டு என்று எனக்கும் தெரியும். அந்தச் சிவப்பு வண்டியில் இருந்தது அது இல்லை. என் கதை, என் வண்டி.)

3

சுதாராணிக்கு முப்பத்தொன்பது வயது. கிளியூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் வீடு. மண்பாதையில் ஜீப் ஓட்டுகிறாள். காப்பிக் காலத்தில் தோட்டங்களிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து ஒண்டிக்கடையில் இறக்குவாள். அது நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

அவள் கணவன் மாதேஸ்வரன். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவன், ஏணி சறுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கிப் பத்து மாதம் ஆகிறது. ஆபரேஷன் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் சேலத்துக்கு வந்து பயிற்சி செய்தால் இடது கால் திரும்ப வரும், விட்டால் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தார் ரோட்டை எட்டிவிட்டால் கவலை இல்லை. வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் உள்ள இருபத்தைந்து நிமிஷ மண்பாதைதான் எமன். பழைய ஜீப்பின் பின்னால் படுக்க வைத்துக் கூட்டிப் போனாள். மூன்றாவது வாரம் பாதி வழியில் அவன் அலறிய அலறலில் வண்டியைத் திருப்பிவிட்டாள். அதோடு ஆறு வாரமாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பழைய ஜீப்பும் அடிச்சட்டம் விட்டுப்போய்ச் செத்தது.

ஆக, கேள்வி இதுதான்: காயில் வாங்கினால் கால், பட்டை வாங்கினால் சோறு.

(இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. பின்னால் இதற்காகவே தலைகுனியப் போகிறேன் என்று அப்போது தெரியாது.)

4

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாதேஸ்வரனின் தம்பி சக்திவேல், "காயிலெல்லாம் டவுன்காரங்க சோக்குக்குங்க அண்ணி. பட்டையே எடுங்க" என்றான். பக்கத்து வீட்டுக் காளியாயி, "புருசன் காலைவிட மூட்டை பெருசா கண்ணு?" என்று கேட்டாள். மெக்கானிக் எல்வின் ஷெட்டில் டீ குடிக்க வந்தவர்கள்கூட மூக்கை நுழைத்தார்கள். அப்போதுதான் சுதாராணி நான் கேட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு எல்வினைக் கையோடு இழுத்துக்கொண்டு குப்பனூருக்கு இறங்கினாள்.

வண்டி விற்கிறவர் சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கம்மா" என்றார். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வண்டியைத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். சுதாராணி எல்வினின் சரக்கு ஆட்டோவிலிருந்து எட்டு மூட்டை மணலை இறக்கச் சொன்னாள்.

"மூட்டை எதுக்குங்கம்மா?"

"வெறும் வண்டி ஓட்டியா நான் பொழைக்கறேன்? ஏத்துங்க." பிறகு எல்வின் பக்கம் திரும்பினாள். "நீ பின்னாடி ஏறிப் படு சாமி."

"நானாக்கா?"

"எங்கூட்டுக்காரர் ஒசரந்தான் நீயும். படு."

ஊருக்குப் பின்னால் இருந்த கல்லுப் பாதையில் ஓட்டினாள். பட்டை வண்டி, மூட்டையோடு: எல்வின் தலையைத் தூக்கி, "நொம்ப நல்லா இருக்குதுங்க அக்கா, தொட்டில் கணக்கா" என்றான். காயில் வண்டி, மூட்டையோடு: பின்பக்கம் தொங்கிப்போய், வளைவுக்கு வளைவு சாய்ந்ததில் அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு, கடைசியில் இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவ விட்டுவிட்டு மூட்டைகளை இறக்கினாள். வெறும் காயில் வண்டியில் பாவம் அவன் தூங்கியே விட்டான். வெறும் பட்டை வண்டியில் நூறு அடி போவதற்குள், "அக்கா, எறக்கி விட்ருங்க! எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலைங்க!" என்று கத்தினான்.

"மூட்டையோட போறப்ப பட்டை, வெறும் வண்டியா வர்றப்ப காயிலு" என்றாள் சுதாராணி. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டயரை ஓர் உதை விட்டாள். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் விரல்தான் வீங்கியது.

5

இதுவரை எழுதித் தோழி ஜோஸ்லினிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறாள்.

"பட்டைன்னா மரபு, காயில்னா நவீனம். அப்படித்தானே?" என்றாள்.

"ஸ்பிரிங்குன்னா ஸ்பிரிங்கு" என்றேன்.

"சரி, முடிவு?"

இரண்டு வைத்திருந்தேன்.

முடிவு அ. சிவப்பு வண்டி. மாதேஸ்வரன் கோல் இல்லாமல் நடக்கிறான். மூட்டைகளெல்லாம் வேறு வண்டிக்குப் போய்விட்டன. காலியான அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருவரும் —

முடிவு ஆ. சாம்பல் வண்டி. பாரம் இறங்கிப் போகிற சத்தத்தைக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டு மாதேஸ்வரன் தன் இடது காலை —

எதை எடுத்தாலும் வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கும் நாலு பேரிடம் நல்ல பெயர் கிடைக்கும். ஜோஸ்லின் தாள்களை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"கதை முழுக்க அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசலையே, கவனிச்சியா?"

"அலறினானே" என்றேன்.

அவள் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

6

வேண்டாவெறுப்பாகத்தான் அவனைப் பேசவிட்டேன்.

குப்பனூரிலிருந்து வந்த சுதாராணி கட்டில் ஓரம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். எல்வின் கல்யாணத்தைச் சொல்லிக் கத்தியதைக் கேட்டு மாதேஸ்வரன் சிரித்தான். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. வலி அடங்கும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

"ஏம்புள்ள, அவனை எதுக்குப் பின்னாடி படுக்க வெச்ச?"

"பின்ன? நீங்க பின்னாடிதானுங்களே படுத்துட்டு வருவீங்க?"

"நானா படுத்தேன்? நீங்கெல்லாம் சேந்து தூக்கிப் போட்டீங்க." குரல் உயர்ந்தது. "முன்னாடி சீட்டு சக்கரத்து மேல இல்ல. அங்க குலுக்கலு பாதிகூட வராது. எம்பட முதுகப் பத்தி ஊரே பேசுது. எங்க உக்கார்றேன்னு என்னைய ஒருத்தருங் கேக்கல."

"முன்னாடி ரைட்டர் உக்காருவாருங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே முகம் சுருங்கிப்போயிற்று.

அந்த மலைப்பாதையில் ஜீப்பின் முன் சீட்டு எஸ்டேட் ரைட்டருக்கு, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு. எந்த வண்டியில் மூட்டை ஏற்றுவது என்று சொல்கிறவர் அவர்தான். யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. நோயாளி, பிரசவக்காரி, பிணம், மூட்டை எல்லாம் பின்னால். சுதாராணிக்கு அது அவ்வளவு பழகிப்போயிருந்தது. அவள் பழகியவள், எனக்கு என்ன கேடு? மூன்று தடவை திருத்தி எழுதினேன், மூன்று தடவையும் அந்த மனிதனைத் தூக்கிப் பின்னால்தான் போட்டேன். என் இடுப்பு வலித்தபோது மட்டும் முன் சீட்டில் இடம் இல்லையா என்று முணுமுணுத்தேன். வெட்கமாக இருக்கிறது. காலா சோறா என்று எழுதிய அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம்தான். இருக்கட்டும், எல்லாரும் பாருங்கள்.

"உக்காந்தா எத்தன நேரந் தாங்குவீங்க?"

"இருவது நிமிசம். அப்பறம் எந்திரிச்சு நிக்கோணும். டாக்டரே சொன்னாருல்ல."

"பாதை இருவத்தஞ்சு நிமிசமுங்களே."

"அதுக்கு நான் என்ன பண்றது? பாதைய நானா போட்டேன்?"

சுதாராணி சாம்பல் வண்டியை வாங்கினாள். பட்டைதான். "திரும்பி வர்றப்ப மணல் மூட்டையப் போட்டுக்கங்க அக்கா, உதைக்காது" என்றான் எல்வின். காயில் வாங்குவாள் என்று எதிர்பார்த்தவர்கள் புத்தகத்தை மூடிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

7

செவ்வாய்க்கிழமை காலை. வண்டியில் பதினோரு மூட்டை. தோட்டத்து கேட்டில் நின்றிருந்த ரைட்டர் வழக்கம்போல் வந்து முன் கதவைத் திறந்தார். உள்ளே மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தான், முதுகுக்குத் தலையணை, காலடியில் ஊன்றுகோல்.

"பின்னாடி ஏறிக்கங்க சார்" என்றாள் சுதாராணி. "மூட்டை மேல மெத்துனு இருக்குமுங்க."

"யாருகிட்டப் பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறயாம்மா? நாளைக்கு மூட்டை வேணுமா வேண்டாமா?"

அவளுக்குப் பயம்தான், இல்லை என்று நான் எழுத மாட்டேன். ஆனாலும் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"குடுக்காட்டிப் போங்க சார். அவரு காலு வந்துட்டா நாங்க ரெண்டு பேராத் தேடிக்குவோம். இப்ப வர்றீங்களா, நடந்து வர்றீங்களா?"

வேறு வண்டி மத்தியானம்தான். ரைட்டர் பின்னால் போய் ஏறினார்.

பாரத்தில் பட்டை அடங்கிப் போயிற்று. மாதேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான், அலறவில்லை. சரியாக இருபதாவது நிமிஷம் சுதாராணி வண்டியை நடுப்பாதையில் நிறுத்தி என்ஜினை அணைத்தாள். ஒதுங்க இடம் கிடையாது, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மாதேஸ்வரன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றான். வலது காலில் பாரத்தைப் போட்டு, அப்புறம் மெல்ல இடது காலிலும் கொஞ்சம். கால் வெடவெடத்தது. "நில்லுங்க. அஞ்சு நிமிசம்" என்றாள். பின்னாலிருந்து ரைட்டர் ஏதோ சொன்னார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது வளைவில் ஒரு பிக்கப் வண்டி வந்து ஜீப்புக்குப் பின்னால் பிரேக் போட்டது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அந்தப் பிக்கப்பை ஓட்டிவருகிறவர் நீங்கள்தான். உங்களுக்கும் அவசரம் இருக்கும், யாருக்குத்தான் இல்லை. சுதாராணி கண்ணாடியில் உங்களைப் பார்த்துவிட்டாள். நகர மாட்டாள், அது மட்டும் எனக்குத் தெரியும். இன்னும் நான்கு நிமிஷம் இருக்கிறது, உங்கள் கை ஹாரன்மேல் இருக்கிறது. அடிப்பதென்றால் அடியுங்கள்.