ஆணியடித்த ஜன்னல்

"அடுப்படி ஜன்னலைத் திறந்து விடுங்க சார். அப்புறம் மேனேஜர் வேலையைப் பத்திப் பேசலாம்."

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். மகள் வாயைத் திறந்ததும் முதலில் வந்து விழுந்தது அதுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவள் முடிவு செய்திருந்தாள்: ஜன்னல் திறந்தால் இந்த வேலை, இல்லையென்றால் அம்மாவும் இனி இங்கே சமைக்கப் போவதில்லை.

மூன்று தலைமுறையாக நடக்கும் சாப்பாட்டுக் கடை. கட்டடம் அதற்கும் மூத்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் தெருப்பக்கச் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். அந்தச் சுவரில் இருந்த ஒரே ஜன்னல் அடுப்படியுடையது. படத்திலெல்லாம் வியர்த்து வழிகிற ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது என்று எவனோ குறைபட்டுக்கொள்ள, முதலாளி உள்பக்கம் குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடித்துவிட்டார். அந்த முகம் அம்மாவுடையது. அன்று பிடித்த இருமல் இன்னும் அவளை விடவில்லை.

"பழைய கட்டடம்மா. ஒரு ஆணியைத் தொட்டாலும் தொல்லியல் ஆபீஸ்லேருந்து ஆள் வந்துடும்," என்றார் முதலாளி.

"அடிச்சப்போ யாரும் வரலையே?"

பரிமாறுகிறவர் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு தட்டுகளோடு நழுவினார்.

"படிச்ச பொண்ணாச்சேன்னு கூப்பிட்டா வாய் நீளுது. சரி, ஒரு ஃபேன் போட்டுத் தரேன், போ."

"எதுக்கு, புகையைச் சுத்தி விடறதுக்கா?"

நேராக அடுப்படிக்குள் போனாள். பெரிய பாத்திரத்தின் முன் இருமிக்கொண்டிருந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்ததுமே, "கேட்டுட்டியாடி, பாவி!" என்றாள். மகள் அடுப்பு கிளறும் கம்பியை எடுத்துச் சட்டத்துக்கடியில் கொடுத்து நெம்பினாள். ஆணிகள் கிரீச்சிட்டுப் பெயர்ந்தன. ஜன்னல் கதவு திறந்துகொண்டது. புகை வெளியே பாய, சுவரோரம் சிரித்தபடி நின்றவர்கள் துள்ளி விலகினார்கள்.

"ஐயோ, உள்ள ஆள் இருக்காங்க!"

அம்மா தலையை வெளியே நீட்டி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். இருமவில்லை.

"நாளைக்கே மறுபடி அடிச்சுடுவேன்!" அடுப்படி வாசற்படியில் நின்று முதலாளி கத்தினார்.

"தாராளமா அடிங்க. உள்ள நிக்கறதுக்கு மட்டும் வேற ஆள் பாத்துக்குங்க."

அம்மா திரும்பினாள். "நீ முன்னால போ. அடுப்புல இருக்கறதை இறக்கி வச்சுட்டு வரேன். அடிப்பிடிச்சா என்னைத்தான் சொல்லுவாங்க."

மகள், வேலையாட்கள் வந்துபோகும் பின்கட்டில் கிடந்த அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே நடந்தாள். முன்வாசலில் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.