படையல் திராட்சை

தேவராஜுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போதகர் ஞானாபரணம் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வந்து, தலைமாட்டில் வெள்ளைத் துணி விரித்துத் திருவிருந்து அப்பத்தை வைத்துவிட்டார். கிண்ணம் காலியாக இருந்தது.

"திராட்சை ரசம் எங்கம்மா?"

"இதோ ஆவுதுங்க ஐயா" என்றாள் அவன் மனைவி எஸ்தர்.

கோவில்பதாகை சபையின் திருவிருந்துக்கு உலர்ந்த திராட்சையைக் காய்ச்சிப் பிழிந்து கொடுப்பவள் அவள்தான். அதனால் அவர் கொண்டுவரவில்லை. வீட்டில் ஒரு திராட்சைகூட இல்லை. இந்தி எதிர்ப்புக் கலவரத்தில் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன.

போன ஆடியில் தேவராஜ் பொன்னியம்மன் கோயில் கூழைக் குடித்தான். படையலைத் தொட்டவனுக்குத் திருவிருந்து கிடையாது என்று சபை விலக்கி வைத்தது. இன்று காலையில்தான் விலக்கு நீங்கியது. சாவதற்குள் திருவிருந்தைப் பெற வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

எஸ்தர் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வேம்புலியம்மாள் தை வெள்ளிக்குப் பொங்கல் வைத்திருந்தாள்.

"அக்கா, திராட்ச எதுனா கீதா?"

"பொங்கல்ல நெய்யில வறுத்துப் போட்டதுதான் கீது. படைச்சிட்டேனே. நீங்க தொடமாட்டீங்களே."

எஸ்தர் பானைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, கூழு குடிச்சதுக்கே அந்த மனுசன தள்ளி வெச்சாங்க. இதுக்கு இன்னா, தூக்குல போடுவாங்களா? பொறுக்கிக்கோ. எங்க பொன்னியம்மா கோச்சிக்க மாட்டா."

பொறுக்கினாள். வெந்நீரில் அலசினாள். காய்ச்சினாள். வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். சபைக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்தாள்.

போதகர் ரசத்தை வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றினார்.

"ஏதும்மா திராட்சை?"

"பக்கத்து ஊட்ல குடுத்தாங்க."

"படைச்சதா?"

கட்டிலிலிருந்து தேவராஜ் அவளையே பார்த்தான்.

"இல்லீங்க ஐயா."

அவர் ஜெபித்தார். முதலில் போதகர், பிறகு வீட்டார், கடைசியில் நோயாளி. அதுதான் முறை. அவர் குடித்துவிட்டுக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். ரசத்தின் மேல் நெய் கண் கண்ணாக மிதந்தது.

தகுதியில்லாமல் குடிப்பவன் தன் மேல் தண்டனையைக் குடிக்கிறான். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். இப்போது சொன்னால் கிண்ணத்தை மண்ணில் கவிழ்ப்பார். வேறு திராட்சை இல்லை. தேவராஜ் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

குடித்தாள்.

போதகர் அவனுக்குக் கரண்டியால் ஊட்டினார். பாதி கடைவாயில் வழிந்தது. பாதி இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு இன்னும் இழுத்தது.

எஸ்தர் போதகரின் காலருகே விழுந்தாள்.

"ஐயா, நான் பொய்..."

"கிண்ணத்த வெந்நீர்ல கழுவும்மா" என்றார் அவர். "பச்சத் தண்ணியில நெய் போகாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெபிச்ச ரசமாச்சே, கழுவின தண்ணியக் கீழ ஊத்திடாத. கொண்டா. அதையும் நான்தான் குடிக்கணும்."