ஏறக்குறைய

ரத்தினசாமி பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். மேசையில் பூங்குழலியின் ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கான படிவம் கிடந்தது. கைடு என்ற முறையில் அவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஐந்து மணிக்குள் அது அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அவளுடைய ஐந்து வருடப் பதிவு காலாவதியாகிவிடும். அது தெரிந்துதான் அவர் நான்கரைக்கு வரச் சொல்லியிருந்தார்.

“மூணாவது அத்தியாயத்தப் பேப்பரா அனுப்பறோம். கணேஷ்குமார் பேரு மொதல்ல வரட்டும். உம்பேரு ரெண்டாவது.”

கணேஷ்குமார் அவருடைய அக்கா மகன்; அவரிடமே ஆய்வு செய்பவன். ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அது நான் செஞ்சதுங்க சார்.”

“ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வேலதான செஞ்சீங்க.”

“எவ்வளவு ஏறுதுங்க, எவ்வளவு குறையுதுங்க?”

“ராமாபுரத்துக்காரிக்கு வாயி கொள்ளேகால் வரைக்கும் நீளுது.”

அந்தக் கன்னட நாட்டுப் பல்கலைக்கழகத்தில், அவளைத் திட்டும்போதுதான் அவருக்குத் தமிழ் வரும். பாராட்டெல்லாம் கன்னடத்தில், நாலு பேர் முன்னால்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. ஒரு சமன்பாட்டுக்கு ஏறக்குறைய உடன்படுகிற கணிதச் சார்பின், அதாவது ஃபங்ஷனின், பக்கத்தில், முழுதாக உடன்படுகிற இன்னொன்று இருக்கிறதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. இருக்கிறது என்று சொல்ல, பிழை ஓர் எல்லைக்குள் நிற்கவேண்டும். எல்லை சொல்லாத ‘ஏறக்குறைய’வுக்கு அங்கே அர்த்தமில்லை. இவரும் ஏறக்குறைய நேர்மையானவர்தான், பக்கத்தில் எங்கோ முழு நேர்மையும் இருக்கும் என்று எல்லை கேட்காமலே ஐந்து வருடம் நம்பிவிட்டாள்.

“அவரு நிரூபணத்த போர்டுல எழுதட்டுங்க சார். எழுதிட்டா மொதல் பேரு அவருக்கே.”

“பரீ சப்ஸ்டிட்யூஷன், வெறும் பிரதியிடல்தானே அக்கா,” என்று கணேஷ்குமார் மார்க்கரை எடுத்தான். மூன்றாவது வரியில் பூச்சியத்தைப் போட்டு, அங்கே சார்பின் மதிப்பை எழுதி, ஆறே வரியில் முடித்தான்.

அவள் எடுத்துக்கொண்டவை பொதுமைப்படுத்திய சார்புகள். அவற்றுக்கு ஒரு புள்ளியில் மதிப்பு என்று ஒன்று இருக்கவேண்டிய கட்டாயமே கிடையாது. சூடு பரவுவதுபோல முதலில் அவற்றைப் பரவவிட்டு வழவழப்பாக்க வேண்டும். பிறகுதான் மதிப்பைக் கேட்க முடியும். அந்த வழியைத் தன் சமன்பாட்டுக்குப் பொருத்தவே அவளுக்கு இரண்டு வருடம் போயிற்று.

ரத்தினசாமி அவன்மேல் சீறப் போகிறார் என்று திரும்பினாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“பாரு, ஆறு வரி. நீ பதினெட்டு பக்கம் இழுத்திருக்கற.”

அப்படியானால் அவர் அதைப் படிக்கவே இல்லை. ஓரங்களில் அவர் எழுதிய ‘வெரி குட்’டுகளுக்காகவே அந்தத் தாள்களை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். திருடுகிறவன்கூட எடுத்த பொருளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பான். பேர் போவதைவிட இது அதிகம் சுட்டது.

“எம்பேரே வேண்டாங்க சார். போர்டுல இருக்கறது தப்பு.”

“எங்க தப்பு?”

கணேஷ்குமாரின் குரல் இறங்கியது. “மாமா, இந்த ஆறு வரிய நேத்தே ஜர்னலுக்கு அனுப்பிட்டேன். உங்க பேர்லயும் எம்பேர்லயும்.”

ரத்தினசாமி போர்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மறுபடி மேலே போனார். தேடுகிற கண் எந்த வரியிலும் நிற்கவில்லை.

பூங்குழலி படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “கையெழுத்துப் போடுங்க. எங்கன்னு சொல்றேன்.”

“மெரட்டறயா?”

“ஏறக்குறையங்க.”

தாள் கிழிகிற அழுத்தத்தில் போட்டார். அவள் மை காயும்வரை ஊதிவிட்டு எடுத்துக்கொண்டாள். கதவை நோக்கி நடந்தாள்.

“சொல்லிட்டுப் போ புள்ள.”

“மூணாவது அத்தியாயத்துல இருக்குதுங்க சார். படிங்க.”