எண் நிக்கட்டும்

...எண்பத்தாறு புள்ளி நான்கு, ஒரு தடவை மூன்று, ஒரு தடவை ஐந்து, போன தடவை மறுபடியும் நான்கு, மேலே ஏறினால் தன்னைத் திட்டிக்கொள்ளலாம், கீழே இறங்கினால் சந்தோஷப்படலாம், இதென்ன ஒன்பது வாரமாகச் சுவரில் அடித்த ஆணி மாதிரி அசையாமல் நிற்கிற எண், என்று நினைத்தபடியே அவள் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, நடைவழியில் ஒரு பச்சை பெஞ்சு, எதிரே உணவு ஆலோசகரின் அறை, அறை வாசலை ஒட்டி எடை மெஷின். ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார்கள், ஏறி நிற்க வேண்டும். எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் இவளுடைய சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துத் தங்கைக்கு வைப்பார்கள், அதற்கு மேல் இருந்தால் கத்தியைத் தொட மாட்டோம் என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்றரைக் கிலோ, அவ்வளவுதான் பாக்கி. அந்த ஒன்றரைக் கிலோ இறங்குகிறவரைக்கும் தங்கை வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கீழ்த்தளத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினோடு படுத்துக் கிடக்க வேண்டும், இப்போதும் கிடக்கிறாள், ஏழு மணிக்கு இவள்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு மாடியேறி வந்தாள். எங்கேதான் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது அந்த ஒன்றரைக் கிலோ?

யாராவது கேட்டால் சிரிப்பார்கள், பதினேழு வருஷமாக இவளுக்கு வேலையே எடை பார்ப்பதுதான். காகித ஆலையின் வாசலில் லாரிகளை நிறுத்துகிற எடை மேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, அதற்குள் இவள். பழைய காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வருகிற லாரிக்குச் சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி எடை, இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு. கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் அந்த நடுவில்தான் எத்தனை பம்மாத்து... வரும்போது சீட்டுக்கு அடியில் இருந்த கருங்கல் போகும்போது இருக்காது, வரும்போது வண்டிக்குள் இருந்த கிளீனர் போகும்போது டீக்கடையில் நிற்பான், எல்லாவற்றுக்கும் மேலே இந்தத் தண்ணீர், காகிதக் கட்டின் நடுவில் குழாயை விட்டு ஊறவைத்துக்கொண்டு வருவார்கள், வெளியே தொட்டால் காய்ந்திருக்கும். இவள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பாள், எனக்கேவா தண்ணி காட்டுற, என்பாள். டிரைவர்கள் இவளுக்கு வைத்த பெயர் டன்னக்கா, நூற்று இருபத்தெட்டுக் கிலோ இருந்த காலத்தில் வைத்தது, கேலியில் தொடங்கி மரியாதையாகிவிட்ட பெயர். வண்டி மேடையில் ஏறியதும் சிவப்பு எண்கள் கீழும் மேலும் குதிக்கும், அவசரக்காரன் எவனாவது எவ்ளோக்கா என்று கத்துவான், இவள் தலையைக்கூடத் தூக்க மாட்டாள், பொறு, எண் நிக்கட்டும். நின்ற பிறகுதான் வாயைத் திறப்பாள். பதினேழு வருஷத்தில் இவள் வாயிலிருந்து ஒரு எண் தப்பாக வந்ததில்லை, அது ஒன்றுதான் இவளுக்கென்று இருந்த பெருமை. அதனால்தான் இங்கேயும் மூன்றாம் தடவையிலிருந்து நர்ஸ் எழுந்து வருவதை விட்டுவிட்டாள், உங்களுக்குத் தெரியாததா, நீங்களே ஏறிப் பார்த்துச் சொல்லிடுங்க. வீட்டில் எடை மெஷின் கிடையாது, நாளெல்லாம் அடுத்தவன் எடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயும் அந்தச் சனியனையா பார்ப்பது என்று வாங்காமலே விட்டுவிட்டாள்.

ஒரு வாய் குடித்தாள். ஒரு வாய்தான் குடிக்க முடியும், இரைப்பையைச் சுருக்கித் தைத்து பதினான்கு மாதம் ஆகிறது, மடமடவென்று குடித்தால் நெஞ்சை அடைக்கும், ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். சாப்பாடும் அப்படித்தான், இரண்டு முட்டை வெள்ளை, நாலு ஸ்பூன் தயிர், உள்ளங்கையளவு வேகவைத்த மீன், நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள், பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. உணவு ஆலோசகர் சின்னப் பெண், அந்த நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிவாள், புரதத்தைக் கூட்டிப் பார்த்தாள், டீயில் தொட்டுச் சாப்பிட்ட ஒற்றை பிஸ்கட்டை நிறுத்தினாள், மணல் பை தூக்கிப் பயிற்சி செய்யச் சொன்னாள், இவளும் ஒன்று விடாமல் செய்தாள். போன தடவை அந்தப் பெண்ணே இவளைத் தேற்றினாள், பயப்படாதீங்க, எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இப்படி நிக்கும், சாப்பாடு குறைஞ்சா உடம்பு உஷாராயிடும், இருக்கறத இறுக்கிப் பிடிச்சுக்கும், அதுக்கும் ஒரு பயம்தானே. உடம்புக்கா பயம் என்று இவள் கேட்டாள். ஆமா, திரும்பச் சோறு கிடைக்குமோ கிடைக்காதோன்னு அதுக்கு ஒரு பயம், என்று அந்தப் பெண் சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள், ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அந்த வார்த்தை செருப்பில் புகுந்த பொடிக்கல்லாக உறுத்திக்கொண்டே வந்தது.

இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும், பாவம், இந்த உடம்பை என்றைக்குத்தான் இவளுடையது என்று விட்டுவைத்தார்கள். சின்ன வயசிலிருந்தே, உனக்கென்ன உடம்பு இருக்கு நீ தூக்கு, உனக்கென்ன நீ நின்னுக்கிட்டு வா, தங்கச்சி உட்காரட்டும், உனக்கென்ன ரெண்டு நாள் பட்டினி கிடந்தாலும் தெரியாது, கொடுத்துடு. அந்த உனக்கென்னவைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. நாற்பத்து மூன்று வயது வரை ஒருத்தர்கூட, மூச்சு வாங்குதே, முட்டி வலிக்குதே, உனக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கோ என்று சொன்னதில்லை, தங்கையின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளுக்காகவாவது உடம்பைக் குறைடி. அவளுக்காகவாவது. சரியென்றாள், வயிற்றில் ஐந்து துளை போட்டார்கள், பத்து நாள் தண்ணீரைக்கூட ஸ்பூனில் எடுத்துக் குடித்தாள், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, எல்லாம் சரி, யாரையும் குறை சொல்லவில்லை... ஆனால் பத்தாவது மாதம் ஒருநாள் பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் நடுவில் இடம் இருந்தது, யோசிக்காமல் போய் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு பக்கத்துக்காரர்களும் முகத்தைச் சுளிக்கவில்லை, நகரவில்லை, ஜன்னலோரப் பெண் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினாள். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, தங்கையிடம்கூட.

தங்கையிடம் எப்படிச் சொல்வது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு, அதற்கு மேலே ஒவ்வொரு மடக்கும் காலிலும் முகத்திலும் வந்து நிற்கும், நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும். சின்ன பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், இது காலைக்கு, இது மாத்திரைக்கு, இது ராத்திரிக்கு. மெஷினில் படுக்கும் முன்னால் அவளையும் எடை பார்க்கிறார்கள், எழுந்த பிறகும் பார்க்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் இருப்பது தண்ணீர், எடுக்க வேண்டிய தண்ணீர். நானும் உன் லாரி மாதிரிதான்க்கா, என்று அவள் ஒருநாள் சொன்னாள், சரக்கோட ஒரு எடை, இறக்கிட்டு ஒரு எடை. அரை லிட்டர் குடிச்சா அரைக் கிலோ ஏறும், இதுக்கு ஒரு மெஷின் வேணுமா, என்னைக் கேட்டாலே சொல்லிடுவேன். இன்று காலை பஸ்ஸில் இவள் பாட்டிலைப் பைக்குள் மறைத்து வைத்ததைப் பார்த்துவிட்டாள், எதுக்குக்கா ஒளிக்கிற, குடி, எனக்கும் சேர்த்துக் குடி. விளையாட்டாகத்தான் சொன்னாள், உதடு வெடித்திருந்தது, அதை நாக்கால் தடவிக்கொண்டே சொன்னாள். இவளுக்குப் பகீரென்றது, எதற்கென்று தெரியவில்லை.

பாட்டில் மறுபடியும் வாய்க்கு வந்தது. ஒரு லிட்டர் பாட்டில். முன்பெல்லாம் அரை லிட்டர்தானே வைத்திருந்தாள், இதை எப்போது வாங்கினாள்? ஆலோசகர் தண்ணீர் குடிக்கச் சொன்னாளே, ஆமாம், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக என்றுதானே சொன்னாள்... ஏழிலிருந்து ஒன்பதுக்குள் என்றா சொன்னாள்? ஒன்பது மணிக்கு முன்னால் அடிவயிறு கனத்துக்கொண்டு வரும், கழிப்பறை இதோ பத்தடியில் இருக்கிறது, எடை பார்த்துவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அது ஏன்? போன வாரம் ஒரு கிழட்டு டிரைவர் பிடிபட்டார், கட்டுக்குள் கையை விட்டால் சொதசொதவென்று ஈரம். ஊத்தினீங்களா என்று கேட்டாள், ஊத்தலக்கா, மழை என்றார், எங்க பெஞ்சுது மழை, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லையே. அவர் தன் கைகளையே பார்த்தார். கை பழகிடுச்சுக்கா, காலையில எந்திரிச்சா குழாய் கையில இருக்கு, நான் எடுத்தது எனக்கே தெரியறதில்ல. பொய் சொல்லுகிற முகம் இவளுக்குத் தெரியும், அது பொய் சொல்லுகிற முகமில்லை. சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கிழவருக்காகத்தான் அந்தச் சங்கடம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளே.

மூடியைத் திருகி மூடினாள். மேல்சட்டையின் பக்கவாட்டுப் பையில் ஏதோ தொடையில் இடித்தது, சாவிக்கொத்து, கேட் பூட்டு, அறைப் பூட்டு, மேடையைப் பூட்டுகிற சங்கிலிப் பூட்டு, எல்லாவற்றையும் கோத்த இரும்பு வளையம், அரைக் கிலோவுக்கு மேலே இருக்கும், லீவு நாளில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவதுதானே வழக்கம். எண்பத்தெட்டு இருந்தபோது கொடுத்துவிட்டுத்தான் வந்தாள், எண்பத்தேழிலும் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். பிறகு பெரிய டாக்டர் கூப்பிட்டு, எண்பத்தைந்துக்குக் கீழ வந்த அன்னைக்கே தேதி குறிச்சிடலாம், என்று சொன்னார், அம்மா அழுதாள், தங்கை இவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அதற்கடுத்த தடவையிலிருந்துதான் சாவி மறந்துபோனது. மறந்துபோனதா? அடிப்பாவி, ஊரான் லாரியில் ஒரு குடம் தண்ணீர் கூடினால் மூக்கில் வியர்க்குமே உனக்கு, உன் மடியில் ஒரு லிட்டர் பாட்டில், உன் சட்டைப் பையில் இரும்பு, இது தெரியவில்லையா, யாருக்குத் தண்ணி காட்டினாய் ஒன்பது வாரமாக? முதல் சில வாரம் நிஜமாகவே நின்றிருக்கும், நின்றிருக்க வேண்டும், அந்தச் சின்னப் பெண் படித்தவள், சும்மாவா சொல்வாள்... எத்தனை வாரம் நிஜம், எத்தனை வாரம் தண்ணீர், அதற்கு ரசீது போட்டு வைக்கவில்லையே. வாரத்துக்கு மூன்று என்றால் ஒன்பது வாரத்துக்கு இருபத்தேழு, அதில் எத்தனை தடவை தங்கை கையில் ஊசி ஏறியது இவளால்? பயமாக இருந்தது. கத்திக்குப் பயமில்லை, கத்தியை ஒருதடவை பார்த்தாகிவிட்டது. அந்த நடு சீட்டை நினைத்தால்தான் பயமாக இருந்தது, இப்போதுதானே கைக்கு வந்தது இந்த உடம்பு, வந்ததும் வராததுமாக அறுத்துக் கொடு என்றால் எப்படி, என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, சண்டை போடுகிற குரல்கூட இல்லை, மடியில் ஏறி உட்கார்ந்த குழந்தை இறங்க மாட்டேன் என்று முனகுகிற மாதிரி. அந்தக் குரலை இவள் இதற்குமுன் கேட்டதே இல்லை. தங்கையை உயிருக்கு உயிராக நேசிக்கிறாள், அதிலே சந்தேகமில்லை. இரண்டும் ஒரே உடம்புக்குள் எப்படி இருக்கும்?

எழுந்தாள். பாட்டிலையும் பையையும் போனையும் பெஞ்சில் வைத்தாள், சாவிக்கொத்தை எடுத்து வைத்தபோது பலகையில் ணங்கென்று சத்தம் வந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருப்பாள், இறங்கு, எல்லாத்தையும் எடுத்து வெளிய வை, காலி வண்டியா ஏத்து. செருப்பைக் கழற்றினாள். மெஷினின் ரப்பர் விரிப்பு உள்ளங்காலில் ஜில்லென்றது, கண்ணாடிக்குப் பின்னால் எண்கள் குதித்தன, எண்பத்தைந்து புள்ளி ஒன்று, எண்பத்து நான்கு புள்ளி ஐந்து, எண்பத்தைந்து, மூச்சை அடக்கிக்கொண்டாள். எண்பத்து நான்கு புள்ளி எட்டு. அறைக்குள் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது, நர்ஸ் யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்போல, காற்றுப் பை சீறிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே குரல் வந்தது. "அக்கா, ஏறிட்டீங்களா? எவ்ளோ காட்டுது?" கீழ்த்தளத்தில் இந்நேரம் தங்கைக்குப் பாதித் தண்ணீர் இறங்கியிருக்கும், இன்னும் இரண்டு மணி நேரம், பதினொரு மணிக்கு எழுந்ததும் முதல் கேள்வியாக, குறைஞ்சிருக்காக்கா என்று கேட்பாள், குறையவில்லை என்றால் பரவால்லக்கா என்பாள், இந்த ஒன்பது வாரமும் அப்படித்தான் சொன்னாள். இவள் வாயைத் திறந்தாள், பதினேழு வருஷமாகத் தப்பாத வாய்.

"பொறுங்க," என்றாள். "எண் நிக்கட்டும்."

உள்ளே நர்ஸ், சரிக்கா, என்றாள், நம்பிவிட்டாள். எண்பத்து நான்கு புள்ளி எட்டு நின்றுகொண்டுதான் இருந்தது. அவளும் அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள்.